பிடித்த எண்ணை ஆராய்வது எப்படி: மேட்டூரின் 120

சேலம் மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு 120 முதலில் ஓர் எண்ணாக அறிமுகமாகவில்லை, நீர்மட்டமாகவே அறிமுகமாயிற்று. காவிரியில் நீர்வரத்து கூடும் மாதங்களில் நாளிதழ் கைக்கு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் அளவைத்தான். "நூத்திப் பதினாலு வந்திருச்சு, இன்னும் ஆறடிதான்" என்ற பேச்சு காப்பி ஆறுவதற்குள் தெரு முழுவதும் பரவிவிடும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நிரம்பிவிட்டது என்றால் நீர் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது அதில் 93.47 டி.எம்.சி. நீர் நிற்கும். அந்தப் பழக்கத்தால் பிடித்துப்போன எண்ணைப் பின்னாளில் தாளில் எழுதிக் கிளறிப் பார்த்தபோது, அணைக்குத் தொடர்பே இல்லாத பல சிறப்புகள் அதனுள் இருப்பதைக் கண்டேன்.

எவருக்கும் பிடித்த எண் ஒன்று இருக்கும்: வீட்டு எண், பேருந்து எண், பிறந்த தேதி, முதல் சம்பளத்தின் கடைசி இலக்கங்கள். அதைக் கையால் கணக்கிட்டு எப்படி ஆராய்வது என்பதை 120ஐ எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம், பென்சில், ஒரு படி புளியங்கொட்டை ஆகியவை போதும். கணிப்பொறியைத் தொடக்கத்தில் தள்ளி வையுங்கள். விடையை உடனே தந்துவிடும் கருவி, விடை ஏன் அப்படி வந்தது என்று வியக்கும் நேரத்தைப் பறித்துவிடுகிறது.

முதலில் எண் வேறு, எழுத்து வேறு என்று பிரியுங்கள்

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப்படும் சிறப்புகளில் சில எண்ணுக்கே உரியவை. சில, அதை நாம் எழுதும் முறைக்கு உரியவை. சில, அளக்கும் கோலுக்கு உரியவை. மேட்டூரின் 120 அடியை மீட்டரில் சொன்னால் 36.576 ஆகிவிடும், ஆகவே நீர்மட்டம் 120 என்பது அடிக்கோலின் செயலே தவிர, இயற்கையின் செயல் அன்று. சேலம் மாவட்டத்து அஞ்சல் குறியீடுகள் பலவும் 636 என்று தொடங்குகின்றன. அதை வலமிருந்து படித்தாலும் 636தான். ஆனால் அதே எண்ணை ஈரடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டு, எழுதினால் அந்த அழகு போய்விடும், ஏனெனில் அங்கே இரட்டைப்படை எண் எதுவும் 0 என்றே முடியும், 0 என்று எந்த எண்ணும் தொடங்குவதில்லை. பழந்தமிழ் முறையில் 120ஐ ௱௨௰ என்று எழுதுவார்கள். நூறு, இரண்டு, பத்து என்ற அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு "ஒன்றும் இரண்டும் சுழியும் கூடினால் மூன்று" என்ற எண்சோதிடப் பேச்சைத் தொடங்கவே முடியாது.

எனவே எந்தச் சிறப்பைக் கண்டாலும், 120 புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி எழுத்தறியாத ஒருவரிடம் காட்டினால் அது அவருக்கும் விளங்குமா என்று கேளுங்கள். விளங்கும் என்றால் அது எண்ணின் சொத்து. சில சமயம் எழுதும் முறை உண்மையான ஒன்றைச் சுட்டிக்காட்டுவதும் உண்டு. 120ஐ ஈரடிமானத்தில் எழுதினால் 1111000. 0, 1, 2 என்ற மூன்று இலக்கங்களைக் கொண்டு மூன்றடிமானத்தில் எழுதினால் 11110. இரண்டிலும் ஒன்றுகள் நான்கு அடுத்தடுத்து நிற்பதன் பொருள், 8+16+32+64 என்று இரண்டின் அடுக்குகள் நான்கைக் கூட்டினாலும், 3+9+27+81 என்று மூன்றின் அடுக்குகள் நான்கைக் கூட்டினாலும் 120 வரும் என்பதே. இதைக் கொட்டைகளாலும் காட்டலாம்.

செவ்வகங்களாக அடுக்குங்கள்

கொட்டைகளை எண்ணி எடுத்து, எந்த வரிசையிலும் கூடாமலும் குறையாமலும் செவ்வகங்களாக அடுக்கிப் பாருங்கள். 120க்கு எட்டு வகைகள் கிடைக்கும்: 1×120, 2×60, 3×40, 4×30, 5×24, 6×20, 8×15, 10×12. ஒவ்வொரு செவ்வகமும் இரண்டு காரணிகளைத் தருவதால் மொத்தம் 16 காரணிகள். மேட்டூருக்குப் போனவர்கள் உபரி நீர் வெளியேறும் பதினாறு கண் மதகைப் பார்த்திருப்பார்கள். 120 அடி அணைக்குப் பதினாறு கண், 120 என்ற எண்ணுக்குப் பதினாறு காரணி என்பது வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இந்தப் படியில் எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகனோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து 8×15 அடுக்கியபோது கடைசி வரிசையில் ஒரு கொட்டை குறைந்தது. நான் அதைத் தேடிக்கொண்டிருக்கையில் அவன் பாட்டுக்குக் கலைத்து அடுக்கி, "மாமா, ஏழு வரிசை போட்டா சரியா வந்திருச்சு" என்றான். உண்மைதான், கையில் இருந்தவை 119, அது 7×17. ஒரே ஒரு கொட்டை போனதும் எட்டு வகைச் செவ்வகங்கள் இரண்டாகச் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக்கூடும் என்பது எனக்கு உறைத்தது.

கொட்டைகளை வைத்து உறுதி செய்த பிறகு குறுக்கு வழியைக் கற்கலாம். எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக உடையுங்கள்: 120 = 2×2×2×3×5. இரண்டு என்ற எண் மூன்று முறை வருகிறது. மூன்றும் ஐந்தும் ஒவ்வொரு முறை. ஒரு காரணியை உருவாக்கும்போது இரண்டை 0, 1, 2, 3 முறை எடுக்க நான்கு வாய்ப்புகள்; மூன்றை எடுக்கவோ விடவோ இரண்டு; ஐந்துக்கும் இரண்டு. 4×2×2 = 16.

பதினாறு என்பது பெரிதா, சிறிதா என்று எப்படி அறிவது? 120க்குக் கீழே உள்ள எல்லா எண்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவற்றில் 60, 72, 84, 90, 96, 108 ஆகியவை தலா 12 காரணிகளோடு நின்றுவிடுகின்றன. பதினாறை எட்டும் முதல் எண் 120தான். தனக்கு முந்திய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள இத்தகைய எண்களை மிகுபகு எண்கள் எனலாம்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை செல்கிறது. இவற்றைப் பற்றி 1915இல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர், நமக்குப் பக்கத்தில் ஈரோட்டில் பிறந்த இராமானுசன்.

காரணிகள் மிகுந்த எண் பங்கு போடுவதற்கு உகந்தது. நம் பழைய பின்ன வாய்பாட்டை 120இன் மேல் ஓட்டிப் பார்த்தால் அது கையிலேயே தெரியும்: முக்கால் 90, அரை 60, கால் 30, அரைக்கால் 15; மா என்னும் இருபதில் ஒரு பங்கு 6, அரைமா 3. மாகாணியில்தான், அதாவது பதினாறில் ஒரு பங்கில்தான், முதன்முதலாக ஏழரை என்று பிசிறு தட்டுகிறது.

காரணிகளைக் கூட்டுங்கள்

பதினாறு காரணிகளையும் வரிசையாக எழுதிக் கூட்டினால் 360 வரும். கூட்டுவதற்கும் குறுக்கு வழி உண்டு: (1+2+4+8) × (1+3) × (1+5), அதாவது 15×4×6. விடை 120இன் சரியான மூன்று மடங்கு என்பதைக் கவனியுங்கள். தன் காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைப்போல் இரு மடங்காக இருக்கும் 6, 28 போன்றவற்றை நிறைவெண்கள் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். மூன்று மடங்காக அமையும் எண்களில் மிகச் சிறியது 120. அடுத்தது 672, அதற்கடுத்தது 5,23,776. இதுவரை கண்டறியப்பட்டவை மொத்தம் ஆறுதான், அந்த ஆறும் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டன. உங்கள் எண்ணுக்கு இதைச் செய்தால் பெரும்பாலும் பின்னமே வரும். அதில் ஏமாற்றம் அடைய வேண்டாம்.

கோலமாகவும் குவியலாகவும் வையுங்கள்

அடுத்து முக்கோணம். மார்கழியில் இடைப்புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கு இது புதிதன்று. கீழ்வரிசையில் 15 புள்ளி, அதற்கு மேல் இடையிடையே 14, பிறகு 13 என்று ஒன்றில் முடித்தால் 1+2+3+...+15 = 120 புள்ளிகள். அந்த 15 புள்ளி வரிசைக்குக் கீழேயும் அதேபோல் 14இலிருந்து ஒன்று வரை இறக்கினால் சாய்சதுரமாகி 225 புள்ளிகள் வரும், அது 15×15. நேர்புள்ளி வைப்பவர்கள் 11×11 வைத்து நடுப்புள்ளியை மட்டும் விட்டுவிட்டாலும் 120 கிடைக்கும்.

உங்கள் எண் முக்கோண எண்ணா என்று அறிய எல்லாப் புள்ளிகளையும் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. எண்ணை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருவது முழு வர்க்கமானால் அது முக்கோண எண். 120×8+1 = 961 = 31×31. இந்த 31ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு இடத்தில் அது திரும்ப வரப்போகிறது.

இனிக் குவியல். மாங்கனி நகரம் என்று பெயர் வாங்கிய சேலத்தில் இதற்கு எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தரையில் 8 வரிசை முக்கோணமாக 36 பழங்கள், அதன் குழிகளின் மேல் 28, பிறகு 21, 15, 10, 6, 3, உச்சியில் 1 என்று எட்டு அடுக்குகள் வைத்தால் மொத்தம் 120 பழங்கள். மல்கோவாவை இப்படி அடுக்கினால் அடிப்பழம் நசுங்கும். வீட்டில் எலுமிச்சை அல்லது கோலிக்குண்டு வைத்துச் செய்யுங்கள். தரையில் 15 வரிசை முக்கோணமாகப் பரப்பிய அதே 120 குண்டுகளை ஒன்றுகூட மிஞ்சாமல் எட்டடுக்கு முக்கோணக் கூம்பாகவும் நிறுத்தலாம். இது மிக அரிய பொருத்தம். பரப்பினாலும் முக்கோணம், குவித்தாலும் முக்கோணக் கூம்பு என்று அமையும் எண்கள் 1, 10, 120, 1540, 7140 ஆகிய ஐந்தே. வேறு இல்லை என்பது 1960களில் நிறுவப்பட்டுவிட்டது.

எத்தனை வழிகளில் என்று கேளுங்கள்

ஏற்காட்டுக்கு ஒரு நாள் பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், கரடியூர் காட்சிமுனை, தாவரவியல் தோட்டம், இராஜராஜேஸ்வரி கோயில் என்று பத்து இடங்கள். மாலைப் பேருந்துக்குள் மூன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள்? முதல் இடத்துக்குப் பத்து, அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்ததற்கு எட்டு வாய்ப்புகள், பெருக்கினால் 720. ஆனால் அதே மூன்று இடங்களை ஆறு வரிசைகளில் எழுத முடியும் என்பதால் ஒவ்வொரு தேர்வும் ஆறு முறை எண்ணப்பட்டுவிட்டது. 720ஐ 6ஆல் வகுத்தால் 120. ஐந்து இடங்களை முடிவு செய்துவிட்டு, எதை முதலில், எதைப் பிறகு பார்ப்பது என்று மட்டும் சண்டை போட்டாலும் 5×4×3×2×1 = 120 வழிகள். பேருந்தில் 16 பேர் அறிமுகமாகி ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒரு முறை கைகுலுக்கினால் 120 கைகுலுக்கல்கள்.

இத்தகைய எண்ணிக்கைகளை எல்லாம் ஒரே படத்தில் காட்டுவது மேரு பிரஸ்தாரம். பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதை விளக்கியுள்ளார். பள்ளிப் பாடத்தில் பாஸ்கல் முக்கோணம் என்ற பெயரில் வருவதும் இதுவே. உச்சியில் 1 எழுதி, ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் 1 வைத்து, நடுவில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் அதற்கு மேலே உள்ள இரு எண்களின் கூட்டலை எழுதிக்கொண்டே இறங்குங்கள். உச்சியைச் சுழியாவது வரிசை என்று வைத்து, 16ஆவது வரிசை வரை எழுதினால் போதும். 10ஆவது வரிசையில் 120 இரு முறை தென்படும். 16ஆவது வரிசையில் இரு முறை. இன்னும் இரண்டு 120ஆவது வரிசையில் ஓரத்து ஒன்றுகளை ஒட்டி இருக்கின்றன, அங்கே வரை எழுத வேண்டியதில்லை. ஆக மொத்தம் ஆறு. 1 என்ற எண்ணைத் தவிர்த்தால், இந்த முக்கோணத்தில் ஆறு முறை வரும் எண்களில் மிகச் சிறியது 120. எட்டு முறை வருவதாக அறியப்பட்ட ஒரே எண் 3003. ஓர் எண் இதில் அதிகபட்சம் எத்தனை முறை வரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1971இல் சிங்மாஸ்டர் முன்வைத்த ஊகம் இன்னும் நிறுவப்படாமல் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பென்சிலால் வரையும் முக்கோணம் கணிதத்தின் தீராத கேள்வி ஒன்றின் விளிம்பு வரை கொண்டுபோய் விடுகிறது என்பதால், இந்தப் படியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

எண்ணைத் தனியே பார்த்தது போதும். அதன் அண்டை வீடுகளுக்குப் போவோம். 2, 3 ஆகியவற்றைத் தவிர்த்த எல்லாப் பகா எண்களும் ஆறின் மடங்கு ஒன்றுக்கு முன்னோ பின்னோ ஒட்டித்தான் நிற்கும். 6க்கு 5, 7, 12க்கு 11, 13, 24க்கு 23, 36க்கு 37 என்று ஆறின் மடங்குகளை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தால், குறைந்தது ஒரு பக்கமாவது பகா எண் இருந்துகொண்டே இருக்கும். முதன்முறையாக இரு பக்கமும் இல்லாமல் போவது 120இல்: 119 = 7×17, 121 = 11×11. இன்னும் விலகிப் பாருங்கள். 120இலிருந்து 2, 3, 4, 5, 6 தள்ளி நிற்கும் எண்கள் எல்லாம் அந்தந்தத் தொலைவோடு பொதுக் காரணி உடையவை, ஆகவே பகு எண்களாகத்தான் இருக்க முடியும். ஏழு தள்ளிப் போனால்தான் முன்பக்கம் 113, பின்பக்கம் 127 என்று இரண்டு பகா எண்கள் கிடைக்கின்றன. அவ்விரண்டுக்கும் இடையே உள்ள பகா எண்ணற்ற வெளியின் சரியான நடுவில் 120 இருக்கிறது.

பகா எண்களோடு 120க்கு வேறொரு வகை உறவும் உண்டு, அதை விளையாட்டாகவே செய்து காட்டலாம். ஐந்தைவிடப் பெரிய ஒரு பகா எண்ணை நண்பர் மனத்தில் நினைத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 120ஆல் வகுத்து மீதியைக் காணட்டும். விடை 1 அல்லது 49. மூன்றாவது விடை கிடையாது. நினைத்த எண் 1 அல்லது 9இல் முடிந்தால் மீதி 1. 3 அல்லது 7இல் முடிந்தால் 49. 97இன் வர்க்கம் 9409. அதிலிருந்து 49ஐக் கழித்தால் 9360, அது 78×120. அத்தகைய வர்க்கம் எதை எடுத்தாலும் 24ஆல் வகுக்க மீதி 1 என்பதும், ஐந்தால் வகுக்க மீதி 1 அல்லது 4 என்பதும்தான் இதன் மறைபொருள்.

121க்குத் திரும்புவோம், ஏனெனில் அந்த ஒற்றை வீட்டில் ஒரு கதை இருக்கிறது. 5×4×3×2×1 என்ற காரணீயப் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 11இன் வர்க்கம். நான்கின் காரணீயப் பெருக்கம் 24; ஒன்று கூட்டினால் 25, ஐந்தின் வர்க்கம். ஏழுக்கு 5040, ஒன்று கூட்டினால் 5041, 71இன் வர்க்கம். இப்படி வேறு எண்கள் உண்டா என்று 1876இல் புரோக்கார்டு கேட்டார். 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுசனும் இதே வினாவை எழுப்பினார். நூறு கோடியையும் தாண்டிச் சோதித்தும் நான்காவது எண் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.

இந்த இடத்தில்தான் பிடித்த எண்ணை ஆராய்பவர் பழக வேண்டிய முக்கியமான வழக்கம் வருகிறது. சிறப்பு ஒன்றைக் கண்டதும் குறிப்பெழுதிவிட்டு அடுத்ததற்கு ஓடாமல், ஏன் என்று கேட்டு நில்லுங்கள். அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் முழு வர்க்கமே வரும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டியதே அதன் மூலம். 120ஐ 2×3×4×5 என்று எழுதிப் பாருங்கள்: 2×5+1 = 11. 24 என்பது 1×2×3×4; 1×4+1 = 5. அப்படியானால் 5040? அது 7×8×9×10; 7×10+1 = 71. மூன்று வர்க்கங்களுக்கும் ஒரே காரணம். இன்னும் ஒரு படி போனால், ஏழின் காரணீயப் பெருக்கமும் 7×8×9×10உம் சமம் என்பதை இருபுறமும் ஏழால் வகுக்க, ஆறின் காரணீயப் பெருக்கமாகிய 720உம் 8×9×10உம் சமம் என்று ஆகிறது. அதை 6ஆல் வகுத்தால் ஒருபுறம் ஐந்து இடங்களைப் பார்க்கும் 120 வரிசைகள். மறுபுறம் பத்து இடங்களில் மூன்றைத் தேரும் 120 வழிகள், எட்டடுக்கு மாம்பழக் குவியலும் அதுவே. தனித்தனியாகத் தோன்றிய மூன்று நான்கு சிறப்புகள் ஒரே முடிச்சின் நுனிகள் என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரச் சற்று நேரமாயிற்று.

துணை எண்களைத் தேடுங்கள்

பிரான்சு நாட்டின் பெர்மா பதினேழாம் நூற்றாண்டில் கண்ட கூட்டணி ஒன்று 120க்கு உண்டு: 1, 3, 8, 120. இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் முழு வர்க்கம். 1×3+1 = 4; 1×8+1 = 9; 3×8+1 = 25; 1×120+1 = 121; 3×120+1 = 361, அது 19இன் வர்க்கம்; 8×120+1 = 961. கடைசியில் வந்தது முக்கோணச் சோதனையில் கண்ட அதே 31தான். நான்காவது எண்ணை முதல் மூன்றிலிருந்து பெறும் வழியும் எளிது. மூன்றையும் கூட்டினால் 12, மூன்றின் பெருக்கத்தை இரட்டித்தால் 48, அவற்றுக்கு இடையேயான வர்க்கங்களின் மூலங்கள் 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கத்தை இரட்டித்தால் 60, கூட்டுங்கள், 120. இப்படி மூன்று எண்கள் கிடைத்தால் நான்காவதை நீங்களே கட்டிவிடலாம்.

ஐந்தாவது ஒரு முழு எண்ணை இந்தக் கூட்டணியில் சேர்க்கவே முடியாது என்று 1969இல் பேக்கர், டேவன்போர்ட் இருவரும் நிறுவினர். பின்னங்களை அனுமதித்தால் மட்டும் சேர்க்கலாம் என்று ஆய்லர் முன்பே 777480/8288641 என்ற எண்ணைத் தந்திருந்தார். இதை நோட்டில் சரிபார்ப்பது ஒரு மழைக்கால மாலைக்குப் போதுமான வேலை. தொடக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன்: அதனோடு 1ஐக் கூட்டினால் 9066121/8288641, மேலே உள்ளது 3011இன் வர்க்கம், கீழே உள்ளது 2879இன் வர்க்கம்.

எதை விட்டுவிடுவது

தேடத் தொடங்கினால் எந்த எண்ணுக்கும் நூறு சிறப்புகள் அகப்படும், ஆகவே களையெடுப்பும் வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல், இதே சிறப்பு நூறு எண்களுக்குள் எத்தனைக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே. 120ஐ இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது செய்தியே அன்று. 2ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண்களில் இதுவரை சோதித்த எல்லாவற்றுக்கும் அது இயலும். ஆனால் 7+113இலிருந்து 59+61 வரை பன்னிரண்டு வழிகளில் எழுதலாம் என்பதும், அதற்கு முந்திய எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு வழிகள் இல்லை என்பதும் குறிப்பில் இடம்பெறத் தக்கவை. சோதிடத்தில் விம்சோத்தரி தசையின் ஒன்பது காலங்களும் சேர்ந்து 120 ஆண்டுகள் என்பது பலருக்குத் தெரியும்; அது மனிதர் வகுத்துக்கொண்ட பங்கீடு என்பதால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. கணித நூல்களில் "சேலம் எண்கள்" என்று ஒரு வகை வருவதைக் கண்டு நம் ஊருக்குக் கிடைத்த பெருமை என்று நான் சில நாள் திரிந்தேன். அவை 1898இல் கிரேக்க நகரமான சலோனிகாவில் பிறந்த ரஃபேல் சேலம் என்ற கணித அறிஞரின் பெயரால் வழங்குபவை. அவற்றில் இதுவரை அறியப்பட்ட மிகச் சிறியது ஏறத்தாழ 1.17628, அதைவிடச் சிறியது உண்டா என்பது விடை தெரியாத வினா. நமக்கும் அதற்கும் எழுத்தொற்றுமை மட்டுமே.

உங்கள் எண் சிறியதாக இருந்தாலும் முறை இதுவே. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் 20 என்பதால், சோதனைக்கு அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வகங்கள் மூன்று, காரணிகள் ஆறு. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் 22, தன்னைவிடச் சற்றே மிகுதி. எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 161. வர்க்கம் அன்று, எனவே முக்கோணம் ஆகாது. ஆனால் 1+3+6+10 என்று நான்கடுக்குக் குவியலாக நிற்கும். அதோடு நிறுத்திவிடாமல், இருபதை அடுக்குகளின் எண்ணிக்கையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஓர் அடுக்கு என்று இருபது அடுக்குக் குவியல் கட்டினால் அதில் 20×21×22 ÷ 6 = 1540 பழங்கள் இருக்கும்; அவற்றைத் தரையில் பரப்பினால் மிச்சமின்றி 55 வரிசை முக்கோணமாகும். ஐந்து எண்களின் அந்த அரிய பட்டியலில் 120க்கு அடுத்தது இதுதான். அதற்கும் அடுத்தது, பட்டியலின் கடைசி எண், 34 அடுக்குகளுக்கு வரும் 7140. அதைப் பரப்பினால் எத்தனை வரிசை வரும் என்று கணக்கிட்டால், மொட்டை மாடியில் ஒரு கொட்டை தொலைந்த அன்று எங்கள் கையில் மிஞ்சியிருந்த 119 வருகிறது.